மூடிக்குள் வைத்த சந்தனம்

போன வாரம் மைக்ரோவேவ் ஆய்வகத்தில் உங்கள் மூன்று பேரையும் எனக்கு அறிமுகப்படுத்தியபோது, நான் உங்களை மேலும் கீழும் பார்த்ததைக் கவனித்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற அம்மா புதுப் பெண்களின் உடையை எடை போடுகிறாள் என்று நினைத்திருந்தால், மன்னித்துவிட்டேன். நான் பார்த்தது பருத்தியா, பாலியஸ்டரா என்பதைத்தான். இந்த வேலையில் நான் செய்த முதல் ஏழு கொலைகளும் ஒரு பாலியஸ்டர் புடவையால் நடந்தவை.

2003ஆம் வருடம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையோரத்தில் இதே கல்லூரி, இதே அறை. ஹெம்ட் என்ற டிரான்சிஸ்டரைப் பற்றி வருடா வருடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாதாரண டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான்கள் முட்டி மோதிக்கொண்டுதான் போகும். ஹெம்ட்டில் இரண்டு வேறு பொருள்கள் சேரும் இடத்தில், சில அணு அடுக்கு கனமே உள்ள ஒரு தளத்தில் அவை சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். மேலே கீழே அசைய குவாண்டம் விதி இடம் கொடுக்காது. வழியில் மோதுவதற்கு அதிகம் எதுவும் இல்லாததால் பறக்கும். அதனால்தான் வானத்திலிருந்து வரும் மிக மெலிந்த சிக்னலையும் அந்த டிரான்சிஸ்டர் காதில் வாங்கிக்கொள்ளும். இதையெல்லாம் பத்து வருடம் கரும்பலகையில் வரைந்தேனே தவிர, ஒரு ஹெம்ட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தவர் ஜமால் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடா நாட்டில் பல வருடம் மாடி மாடியாக டிஷ் மாட்டிவிட்டு ஊர் திரும்பி, எங்கள் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தார். ஒரு நாள் வகுப்பு வாசலில் நின்று நான் வரைந்த படத்தைப் பார்த்தவர், நான் வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"மேடம், நீங்க போர்டுல வரையறது கேபிள்காரங்க குப்பையில கெடக்குது."

கேபிள் டிவிக்காரர்களின் பெரிய டிஷ்ஷுக்கு முன்னால் மூக்கு மாதிரி ஒரு பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். எல்.என்.பி. என்பார்கள். சிக்னலை முதலில் வாங்கிப் பெரிதாக்குவது அதுதான், அதற்குள் இருப்பது ஹெம்ட்தான். இடி மின்னலில் பழுதானவற்றைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஜமால் பாய் பெரம்பலூரிலும் அரியலூரிலும் நாலைந்து ஆபரேட்டர்களிடம் சொல்லிவைத்து, ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்த குளவிக்கூடு, துரு, இற்றுப்போன ரப்பர் எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு, உயிரோடு இருக்கும் டிரான்சிஸ்டரை மட்டும் சூடு காட்டி எடுப்பார். நொய்யரிசி அளவு இருக்கும். அதை என் கையில் கொடுப்பார். நான் சோதனைப் பலகையில் வைப்பேன். செத்துப்போகும்.

"இதுவும் மவுத்து மேடம்" என்பார் ஜமால் பாய், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

ஏழாவது செத்த அன்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஒங்க சேலதான் கொல்லுது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. ஏசி போட்ட உலர்ந்த அறையில் பாலியஸ்டர் உரசி உரசி உடம்பில் சேரும் மின்சாரம் நமக்குத் தெரியாது. அந்த நொய்யரிசிக்குத் தெரியும். மறுநாள் பருத்திப் புடவை கட்டி, ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். எட்டாவது பிழைத்தது, ஒன்பதாவதும் பிழைத்தது. சாக்கும் அதோடு தீர்ந்தது.

அந்த இரண்டை வைத்து உள்ளங்கை அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டினோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய டிஷ், உள்ளே எங்கள் பெட்டி, அதற்கப்புறம் ஒரு காது மந்தமான ரிசீவர், கடைசியில் ஒரு டிவி. எங்கள் பெட்டி இல்லாமல் டிவியில் புள்ளி புள்ளியாக மழைதான் பெய்யும். பெட்டியைச் சேர்த்தால் படம் வரும். முதல் முறை ஒரு பெண்மணி அப்பளம் பொரிப்பது தெளிவாகத் தெரிந்தபோது நான் வாய்விட்டுக் கத்தினேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த அப்பளம்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பெட்டியைத் திறந்து வைத்தால் வேலை செய்யும். மூடியை மூடினால், பெட்டியோடு சேர்த்திருந்த மீட்டரின் முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொள்ளும், அப்பளம் மறைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் கூவுமே, அதே கதை. ஹெம்ட் அவ்வளவு கூர்மையான காது கொண்டது. மூடிய பெட்டிக்குள் அதன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதையே கேட்டு மேலும் கத்தும். மூடி இல்லாமல் விட்டுவிடலாமே என்பீர்கள். நாலு நாள் விட்டால், வெளியே போகும் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி பெட்டியை நிரப்பிவிடும்.

அதே சமயம் எங்கள் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கியது. எல்லாக் கல்லூரியும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பறந்துகொண்டிருந்த காலம். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "வெளியேர்ந்து மூணு பேர் கமிட்டி வருது மேடம். இந்த லேப் தேவையா இல்லையான்னு எழுதிக் குடுப்பாங்க. தேவையில்லன்னுட்டா அந்த ரூம்ல கம்ப்யூட்டர் போட்டுடுவோம். நீங்க புரோகிராமிங் எடுங்க" என்றார். ஏதோ எனக்குப் பதவி உயர்வு தருவது போலச் சொன்னார். எனக்கு அந்த அறை வேண்டும். வானத்திலிருந்து வருவதை என் கையால் பிடித்த இடம் அது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

ஆகவே மூடியோடு போராடினேன். இங்கே ஒரு ரெசிஸ்டர், அங்கே ஒரு திருகு என்று ஐந்து வாரம். ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின மாலை ஒரு ரெசிஸ்டரை அரை அங்குலம் நகர்த்திப் பற்றவைத்துவிட்டு, சோதிக்க நேரமில்லாமல் மூடித் திருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். விடுமுறை முடிந்து வந்து சுவிட்ச் போட்டேன். மூடி மூடியிருக்கிறது. முள் அசையவில்லை. டிவியில் ஒருவர் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த ரெசிஸ்டரைப் பற்றி நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். எதற்காக அரை அங்குலம் என்று ஒரு கணக்கும் போட்டேன், அதுவும் சரியாக வந்தது. நகல் எடுத்து பிரின்சிபாலிடம் கொடுத்தேன், அவர் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அதோடு விட்டேனா? இனி யாரும் தொடக்கூடாது என்று மூடியின் நாலு திருகுகளிலும் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து முத்திரை போட்டேன்.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. கமிட்டி வரும் தேதி எங்களுக்குத் தெரிந்த மறுநாள் சுவிட்ச் போட்டால், முள் வலது ஓரத்தில்.

முத்திரையை உடைத்துத் திறந்தேன். பலகை மேல் மஞ்சளாகக் கொஞ்சம் பொடி. சுண்ணாம்புக்கல் தூசிதான் எப்படியோ நுழைந்துவிட்டது என்று ஊதித் தள்ளினேன். மூடியின் உட்புறம் நடுவில் வட்டமாக ஒரு கறை. பற்றவைக்கும்போது தெறித்த பிசின் என்று நினைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மூடினேன். முன்னை விட மோசமாகக் கத்தியது. ரெசிஸ்டரை இன்னும் அரை அங்குலம் நகர்த்தினேன், திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். ஜன்னலைத் திறந்தவர்கள் யார் என்று ஜமால் பாயிடம் சத்தம் போட்டேன். அவர் ஜன்னலுக்கு டேப் ஒட்டினார்.

கமிட்டி வர ஒரு நாள்தான் இருந்தது. அப்போது அட்டெண்டர் கலியமூர்த்தி கதவருகே வந்து நின்றார். ஜெயங்கொண்டம் பக்கத்து மனுஷர். அந்த அறையில் விளக்கு எரியாவிட்டாலும், பூட்டு சிக்கிக்கொண்டாலும், மேசை ஆடினாலும் நாம் சொல்லி முடிப்பதற்குள் சரிசெய்துவிடுவார். எப்படிச் செய்தார் என்று நான் கேட்டதில்லை.

"மேடம், திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"திட்ட மாட்டேன். சொல்லுங்க."

"அதுக்கு வெச்ச சந்தனத்த யாரோ அழிச்சுப்புட்டாங்க மேடம். அதான் கோச்சுக்குது."

"எதுக்கு வெச்ச சந்தனம்?"

"ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன்ல. போன வருஷம் வெளிய வெச்சதுக்கு, பெயிண்ட் போயிடும்னு என்னாம் பேச்சு பேசுனீங்க! அதான் இந்த வருஷம் ஒங்க கண்ணுல படாம மூடியக் கழட்டி உள்ள வெச்சேன்."

திட்ட மாட்டேன் என்று சொன்னதை மறந்து திட்டினேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. மூடியின் நடுவில் வட்டமான கறை. மஞ்சள் பொடி. ஈரச் சந்தனம் என்றால் தண்ணீர். தண்ணீர் மைக்ரோவேவைக் குடித்துவிடும் என்று நானே பாடம் நடத்துகிறேன்! பெட்டிக்குள் எதிரொலிக்க வேண்டியதை அந்தப் பொட்டு குடித்திருக்கிறது. நான் முத்திரை போட்டு இறுக்கி மூடியதால் மூன்று வாரம் காயாமல் இருந்திருக்கிறது. காய்ந்து உதிர்ந்ததும் பெட்டி பழையபடி கூவிவிட்டது. அரை அங்குல ரெசிஸ்டருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்கு நான் போட்ட கணக்கு மட்டும் இன்னும் நோட்டீஸ் போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கலியமூர்த்தி, சந்தனம் இருக்கா?"

குழைத்துக் கொண்டுவந்தார். அதே மாதிரி பெருவிரலால் வைத்தார். மூடினோம். முள் படுத்துக்கொண்டது. ஜமால் பாய், "மாஷா அல்லா" என்றார். சந்தேகம் தீர ஜமால் பாயின் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு விள்ளல் இட்லியை ஒட்டிப் பார்த்தோம், அதுவும் அடங்கியது. ஒரு துண்டு வெள்ளரிக்காய், அதுவும் அடங்கியது. ஆனால் எதுவும் நிலைக்காது, எல்லாம் காயும் அல்லது ஊசிப்போகும்.

பிரின்சிபாலிடம் சொன்னேன். அவருக்குப் பிரச்சினையே புரியவில்லை. "நாளைக்கு ஒரு நாள் நின்னாப் போதும்ல மேடம்? காலையில புதுசா வெச்சு மூடிடுங்க. கேட்டா எர்த்திங்கச் சரி பண்ணோம்னு சொல்லுங்க. சந்தனம்னு சொன்னா நம்மள எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்க?" சரி என்றேன். மனசார சரி என்றேன், உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. எனக்கு அறை வேண்டும்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார்கள். வாசலில் கலியமூர்த்தி பன்னீர் தெளித்து சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். மூவரில் இரண்டு பேர் எதைக் காட்டினாலும் தலையாட்டுகிறவர்கள். மூன்றாமவர் மைக்ரோவேவிலேயே தலை நரைத்த பேராசிரியர். பெட்டியைக் கையால் தொடாமல், பின்னால் கை கட்டிக்கொண்டு, குனிந்து சுற்றிப் பார்த்தார். டிவியில் யாரோ வெண்டைக்காய் நறுக்கினார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பிரின்சிபால் முகமும் அப்படியே.

"இந்த அளவு பெட்டிய மூடினா இது கத்தணுமேம்மா" என்றார் பேராசிரியர். "எப்படி நிறுத்தினீங்க?"

எர்த்திங் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் கடைசி வருட மாணவி ஒருத்தி நோட்டைத் திறந்து பேனாவோடு நின்றாள். நான் சொல்லப்போவதை அப்படியே எழுதிக்கொள்வாள். நாளை அவளும் ஒரு பெட்டி கட்டுவாள். அது கத்தும், அவள் எர்த்திங்கைத் தோண்டிக்கொண்டே கிடப்பாள், ஐந்து வாரம் நான் கிடந்த மாதிரி. அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"சந்தனம் சார்" என்றேன்.

பிரின்சிபாலுக்கு இருமல் வந்தது. தலையாட்டுகிறவர்கள் தலையாட்டுவதை நிறுத்தினார்கள். நான் ஆயுத பூஜையிலிருந்து தொடங்கி, நெயில் பாலிஷ், ரெசிஸ்டர், இட்லி, வெள்ளரிக்காய் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அறை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

பேராசிரியர் சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றச் சொன்னார். பொட்டைப் பார்த்தார். "யார் வெச்சது?"

கலியமூர்த்தி கிண்ணத்தோடு முன்னால் வந்தார். "நாந்தாங்க."

"ஏன் சரியா நடுவுல வெச்சீங்க?"

"பொட்டுன்னா நடுவுலதானுங்க வெப்பாங்க."

"இந்தப் பெட்டிக்குள்ள அலை ஜாஸ்தியா நிக்கற இடமும் அதுதான்" என்றார் பேராசிரியர். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த ஹெம்ட்ட எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"பழைய எல்.என்.பி.யிலேர்ந்து சார்."

"அதுவும் மூடின பெட்டிதானே? அது ஏன் கத்தல? அதோட மூடிக்குள்ள என்ன இருந்துச்சு?"

ஜமால் பாய்க்குத்தான் முதலில் உறைத்தது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"கருப்பா ஒரு ரப்பர் ஒட்டியிருந்துச்சு சார். எல்லாத்துலயும் இருந்துச்சு. இத்துப்போன வாஷருன்னு நெனச்சு பிச்சுப் பிச்சுப் போட்டுட்டேன்."

"கம்பெனிக்காரன் வெச்ச சந்தனம் அதுதான் பாய்" என்றார் பேராசிரியர். "அலையக் குடிக்கறதுக்குன்னே பண்ணின ரப்பர். காயாது."

ஐந்து வாரம்! சாக்கு நிறைய இருந்திருக்கிறது. நானும்தான் பார்த்தேன். டிரான்சிஸ்டரைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்று ஜமால் பாயிடம் சொன்னதே நான்தான். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"ஒண்ணாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"எல்லாத்தையும் எறிஞ்சாச்சு சார்" என்றேன்.

கலியமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "இருக்குங்க சார்." கிண்ணத்தை மாணவியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். எங்கள் பெட்டி இருந்த அதே மேசை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பிரின்சிபால் சார், இந்த மூலையக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்குங்க."

பிரின்சிபால் பிடித்தார். கலியமூர்த்தி மேசைக் காலுக்கு அடியிலிருந்து கருப்பு ரப்பர் துண்டுகளை ஒரு கட்டாக உருவி எடுத்தார். நசுங்கி, தூசி படிந்து, ஏழெட்டு இருந்தன. "மேசை ஆடுதுன்னு மேடம் கத்துனாங்க. குப்பையில இது மெத்துன்னு கெடந்துச்சு, எடுத்து வெச்சேன். ஆறு மாசமா ஆடலீங்களே."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜமால் பாய் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, காசு அளவுக்கு ஒரு ரப்பரை வெட்டி மூடியின் நடுவில் ஒட்டினார். மூடினோம். முள் படுத்தது, வெண்டைக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. பிரின்சிபால் மட்டும் மேசை மூலையை விட முடியாமல் கடைசிவரை குனிந்தபடியே நின்றார். விட்டால் பெட்டி சரிந்துவிடும்.

போவதற்கு முன் பேராசிரியர் என் நோட்டைக் கேட்டார். ரெசிஸ்டர் கணக்கை நிதானமாகப் படித்தார். "கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ரூம்ல என்ன நடந்துச்சோ அது இதுல இல்லையேம்மா" என்றார். நான் அவர் கண் முன்னாலேயே அந்த இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு எழுதினேன்: ஆயுத பூஜை அன்று, கலியமூர்த்தி, மூடியின் உட்புறம், நடுவில், ஈரச் சந்தனம். அதன் கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வகம் தேவை என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர்கள் மாடிக்குப் போயின. அன்று பஸ்ஸிலும் அழுதேன், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் கலியமூர்த்திக்குத் தெரியாமல் போர்டிலிருந்து ரெசிஸ்டர் கட்டுரையைக் கிழிக்கப் போனேன். அவர் எனக்கு முன்பே அதைக் கிழித்து மடித்து எங்கோ உபயோகப்படுத்திவிட்டிருந்தார்.

உங்கள் அளவீடு திடீரென்று அழகாக வரும்போது, அது உங்கள் கெட்டிக்காரத்தனம்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முந்தின நாள் அந்த அறைக்குள் யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது திட்டாதீர்கள். நான் திட்டியதால்தான் அந்தப் பொட்டு என் கண்ணில் படாமல் மூடிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

இன்னொன்று. போன வாரம் வந்தபோது அந்த மேசையில் கையை ஊன்றிப் பார்த்தேன். ரப்பரை உருவிய நாளிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை ஆடிக்கொண்டே இருந்த மேசை. இப்போது ஆடவில்லை. யாரோ எதையோ எடுத்துக் காலுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு முறை குனிந்து பாருங்கள்.